பெயரும் உருவும்: பொம்மைச் சிப்பாய்களுக்காக ஒரு வாதம்

விடுமுறை நாள்களில் நம் வீட்டு மாடியறையில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி நண்பர்கள் வட்டத்தில் இருவிதமான கருத்துகள் உண்டு. தொல்காப்பியம் நடத்துகிற ஆசிரியர் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பது சிறுபிள்ளைத்தனம் என்பது ஒன்று. அது போரை அழகுபடுத்தும் வேலை என்பது, நாம் மதிக்கும் கவிஞர் ஒருவர் சொன்ன மற்றொன்று. முதலாவதை மறுக்கப் போவதில்லை. இரண்டாவது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு ஒன்றும் களங்கமற்றதன்று. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபோது, பேரரசின் படைகள்தாம் அதன் சரக்கு. 54 மில்லிமீட்டர் உயரம். பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் செஞ்சட்டைகள். அவற்றுள் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கென்றே ஒரு விதிநூல் எழுதினார். மெய்ப்போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்று அதில் வாதிட்டார். மறு ஆண்டே உலகப்போர் வந்தது. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகக் கடல் கடந்தனர். ஈயத்தின் நஞ்சு கருதி 1960களில் பொம்மைகள் பிளாஸ்டிக்குக்கு மாறின. இன்று பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் கிடைக்கின்றன.

கவிஞரின் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. இணையக் கடைகளில் விற்பவற்றுள் நெப்போலியனின் காவற்படையும் இட்லரின் படையும் குவிந்து கிடக்கின்றன. பின்னதன் சீருடை மிடுக்கை மெருகேற்றுவதற்காக இரவெல்லாம் கண்விழிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளை நாம் வாங்குவதில்லை. அதற்குமேல் இதை வாதமாக்க விரும்பவில்லை.

ஆனால் தூரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் இது படைகளைப் பற்றிய வேலை என்று சொல்ல மாட்டார். இது ஒற்றை மனிதனைப் பற்றியது. அச்சின் எண்ணெய்ப்பசை போக, உருவை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். நடுகல்லுக்குரிய நீர்ப்படை நமக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது. பிறகு பிரைமர் பூச்சு. அது காய்ந்தபின் நீர்த்த வண்ணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. புட்டியிலிருக்கும் காக்கியை அப்படியே பூசினால் இவ்வளவு சிறிய உருவில் இருண்டு தெரியும். கொஞ்சம் வெளுக்க வேண்டும். மடிப்புகளில் கருஞ்சாயம் ஓடவிட்டு, முழங்காலிலும் முழங்கையிலும் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிறல் காட்டினால், நடந்து தேய்ந்த சட்டை என்று தெரியவரும். ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் இதெல்லாம் நடக்காது. சன்னலை அடைத்தாலும் ஈரப் பூச்சில் புழுதி வந்து ஒட்டும். கண்ணுக்கு மூன்று சைபர் தூரிகையும் பூதக்கண்ணாடியும் வேண்டும். வெள்ளெழுத்து வந்துவிட்ட வயதில் அந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடுகிறது. நம் ஊர்க் கருப்பசாமி சிலைக்கு வண்ணம் தீட்டுகிறவர் கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார், நாமும் அப்படியே. அதுவரை அது பிளாஸ்டிக். அதற்குப் பிறகு அதை யாராலும் குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தும் பொம்மையாகக் கருத முடியாது.

முகத்தில்தான் நமக்கு முதற் சிக்கல் வந்தது. 'தோல்நிறம்' என்று ஒட்டிய புட்டிக்குள் இருந்தது வெளிர் ரோசா. யாருடைய தோல் அது? செம்மண் பழுப்பும் மஞ்சளும் துளி நீலமும் கலந்து நம்மவர் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை எனப்படுபவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்தவனுக்கு எடுத்தது. ஆநிரை கவர்தல் பற்றி வகுப்பில் துறை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, பக்கத்து ஊரில் ஆகோள் என்னும் சொல்லே கல்லில் கிடந்தது பெரிய அதிர்ச்சி. கூடலூர் என்றதும் முல்லைப்பெரியாறு இறங்கிவரும் நம் கூடலூர் வேறு மனத்தில் வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கல்லில் உருவம் கிடையாது. செங்கம், தருமபுரிப் பக்கத்துப் பிற்கால நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி வீரன் நிற்பான். இங்கே பெயரும் ஊரும் இறந்த செய்தியும் மட்டும். பிரிட்டன் பெட்டிச் சிப்பாய்க்கு எல்லாம் தலைகீழ்: உருவமும் சீருடையும் உண்டு, பெயர் இல்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் நம் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். தாத்தாவின் தம்பி. மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது தோட்டத் தமிழர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். அவரும் சேர்ந்தார் என்று, ஊர் திரும்பிய ஒருவர் சொன்ன வாய்மொழிதான் சான்று. அவர் திரும்பவில்லை. வீட்டில் படம் இல்லை. திவசத்தின்போது சொல்லப்படும் பெயர் மட்டும் மிஞ்சியது. எந்தக் கடையின் பட்டியலிலும் நமக்கு அந்தப் படையின் உருவம் அகப்படவில்லை. அப்படையினர் அணிந்தது பெரும்பாலும் பிரித்தானிய இந்தியப் படையின் காக்கியே என்பதால், பர்மாக் களத்துப் பிரித்தானியச் சிப்பாய் ஒருவனை வாங்கினோம். இரும்புத் தொப்பியை அறுத்தெடுத்துவிட்டு எம்-சீலால் துணித்தொப்பி செய்து வைத்தோம். முகத்துக்கு அப்பாவின் இளவயதுப் படத்தை எதிரே வைத்துக்கொண்டோம்.

போரை அழகுபடுத்துகிறோமா என்று கவிஞர் கேட்டால், இந்த ஓர் உருவைத்தான் அவரிடம் காட்ட முடியும். பழனியாண்டவர் படத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவில் அலமாரியில் நிற்கிறது. துப்பாக்கி தோளில் தொங்குகிறது, சுடவில்லை.

சென்ற மாதம் அத்தை வந்திருந்தார். தொண்ணூறு வயது. அவர் மலாயாவுக்குக் கிளம்பிய நாளில் அத்தைக்கு ஐந்து வயது. அவரை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர் அத்தை ஒருவர்தான். பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சின்னய்யாவுக்கு மூக்கு இப்படிக் கூரா இருக்காதுய்யா. சப்பையாத்தான் இருக்கும். சிரிச்சா இன்னும் பரந்துரும்" என்றார்.

மூக்கை அரத்தால் தேய்த்துவிட்டு, எள்ளளவு எம்-சீல் உருட்டி வைத்திருக்கிறோம். இன்னும் கண் திறக்கவில்லை. காற்று ஓயட்டும்.