பேய் பொம்மைகள் போதும், ஆப்பிள் தொட்டி வரட்டும்

அக்டோபர் 31 இரவு கொண்டாடப்படும் ஹாலோவீனுக்காக, 2023இல் அமெரிக்கர்கள் 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று அந்நாட்டின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்தது. வேடங்கள், மிட்டாய்கள், வாசலில் நிறுத்தும் எலும்புக்கூடுகள் என்று பணம் போகிறது. பொத்தானை அழுத்தினால் அலறும் பொம்மையின் முன் குழந்தைக்கு வேலை எதுவும் இல்லை. ஒருமுறை திடுக்கிடும், பிறகு அலுத்துவிடும். இந்தப் பண்டிகையின் தாயகமான அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இது விளையாட்டு இரவாகவே இருந்தது. ஆப்பிள், தண்ணீர், கொட்டைகள், கண்ணைக் கட்ட ஒரு துணி ஆகியவற்றைக் கொண்டே அச்சத்தையும் கும்மாளத்தையும் அவர்கள் ஒரே அறையில் கூட்டினார்கள். கொண்டாட்டத்தின் நடுவிடத்தை அந்த எளிய விளையாட்டுகளுக்கே திருப்பித் தர வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கையால் தொடாமல் பல்லால் கவ்வி எடுக்கும் விளையாட்டையே பாருங்கள். ஆப்பிளின் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. அதனால்தான் மிதக்கிறது, உதடு பட்டதுமே நழுவி ஓடுகிறது. காம்பைக் கவ்வலாம். இல்லையென்றால் தலையை முழுக்கி, பழத்தைத் தொட்டியின் அடிவரை அழுத்திக் கடிக்க வேண்டும். உயரமும் பலமும் இதில் உதவாது. தாத்தாவும் பேத்தியும் சமமாக நனைவார்கள். 1786இல் வெளியான ராபர்ட் பர்ன்ஸின் ‘ஹாலோவீன்’ கவிதையில் இன்னொரு விளையாட்டு வருகிறது: ஒரு பெண்ணின் பெயரையும் ஓர் ஆணின் பெயரையும் சொல்லி இரு கொட்டைகளை நெருப்பிலிட்டு, இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிகின்றனவா, ஒன்று வெடித்துத் துள்ளுகிறதா என்று பார்ப்பது. வரப்போகும் குளிர்காலமும் திருமணமும் சாவும் மனத்தை அழுத்திய காலத்தில், எதிர்காலத்தின் மீதான பயத்தைச் சிரித்துப் பேசித் தீர்க்க இப்படி ஒரு வழி இருந்தது.

இத்தகைய விளையாட்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) தொகுப்பில் உள்ள ‘களிமண்’ கதையே போதும். கண் கட்டப்பட்ட மரியா, மேசையில் இருக்கும் தட்டுகளுள் ஒன்றைத் தொட வேண்டும். மோதிரம் கிடைத்தால் திருமணம், ஜெப நூல் கிடைத்தால் கன்னியர் மடம். அவள் விரல்களில் படுவதோ ஈரமான, மெத்தென்ற ஏதோ ஒன்று. அது சாவைக் குறிக்கும் களிமண். அறை அடங்கிப்போகிறது, வீட்டுக்காரி பக்கத்து வீட்டுச் சிறுமிகளுள் ஒருத்தியைக் கடிந்து அதை வெளியே வீசச் சொல்கிறாள், மரியாவுக்கு மறுவாய்ப்பு தருகிறார்கள். விளையாட்டு புண்படுத்தவும் கூடும் என்று கதை காட்டுகிறது. புண்பட்டவரைத் தாங்க உடனே மனிதர்கள் முன்வருவதையும் காட்டுகிறது. அலறும் பொம்மைக்கு இது தெரியாது. சிறு பிள்ளைகளின் தட்டு விளையாட்டில் களிமண் வேண்டாம் என்றே நானும் சொல்வேன். மாவு, நனைந்த பஞ்சு, தோலுரித்த திராட்சை ஆகியவையே அவர்களைக் கூச்சலிட வைக்கப் போதும்.

ஒரே தண்ணீரில் எல்லோரும் வாய் வைப்பது சுகாதாரக் கேடு என்பார்கள். நியாயமான கவலைதான். ஆளுக்கொரு பாத்திரம் வைக்கலாம், அல்லது ஆப்பிளை நூலில் கட்டித் தொங்கவிடலாம். இதுவும் பழைய வழக்கமே. கட்டையின் ஒரு முனையில் ஆப்பிளும் மறுமுனையில் எரியும் மெழுகுவர்த்தியுமாகச் சுழலவிட்டு, ஆப்பிளைக் கவ்வுவார்களாம். மெழுகுவர்த்தியை இன்று கைவிட்டே ஆக வேண்டும். அதற்காக விளையாட்டைக் கைவிட வேண்டியதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, இவற்றில் குறி பார்க்கும் மரபு இருப்பதால் தயங்குகின்றன. ஆனால் டேனியல் மக்லீஸ் 1833இல் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஹாலோவீன் ஓவியம், அயர்லாந்தின் பிளார்னியில் ஒரு பங்குத்தந்தை நடத்திய விருந்தைப் பார்த்துப் பிறந்தது. ஆப்பிள் விளையாட்டும் குறி பார்ப்பதும் அந்த ஓவியத்திலேயே இருக்கின்றன.

வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதுதான் அக்கம்பக்கத்தாரைப் பழக வைக்கிறது, அறைக்குள் விளையாடினால் அது போய்விடும் என்ற எதிர்வாதம் வலுவானது. அந்த நடை நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1975 முதல் 2016 வரையான அமெரிக்கச் சாலை விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் உயிரிழக்கும் அபாயம் அதை ஒட்டிய மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அபாயம் பத்து மடங்கு. ஆகவே இருட்டுவதற்குள் பிள்ளைகள் தெருவைச் சுற்றி வரட்டும். பிறகு தெருவே ஒரு வீட்டில் கூடட்டும். மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா நகரம் 1920இல், பிள்ளைகளின் குறும்பு எல்லை மீறியபோது அவர்களுக்காக ஊர்வலமும் கொண்டாட்டமும் நடத்தியது. அந்த வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது. ஒரு தெரு கூடி விளையாட அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். ஒரு கூடை ஆப்பிளும் நாலைந்து பாத்திரங்களும் துண்டுகளும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.