"சில இடங்களில்" என்றால் எந்த இடத்தில்?

வட மாகாணத்தின் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை பெய்யக்கூடும். ஐப்பசி பிறந்துவிட்டால் கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து இந்தப் பாணியில் அறிக்கைகள் வந்த வண்ணம் இருக்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில், வாடைக்காற்றுக்கு முகங்கொடுத்து, படகு ஓடுமா ஓடாதா என்று ஏங்கி நிற்கும் நெடுந்தீவு வாசிக்கு இவ்வறிக்கையால் ஆய பயன் யாது என்று கேட்கிறோம். அந்தச் சில இடங்கள் எவை? வவுனியாவும் வட மாகாணந்தான். நெடுந்தீவும் வட மாகாணந்தான். இரண்டுக்கும் இடையே 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமும், வன்னிப் பெருநிலமும், ஒரு கடலும் கிடக்கின்றன. வவுனியாவில் பெய்யப்போகும் மழைக்காக நயினாதீவுப் படகை நிறுத்துவதா? நெடுந்தீவில் எழப்போகும் அலையை வவுனியாக் கமக்காரர் கேட்டறிந்து என்ன செய்வது?

இதைச் சின்னக் காரியம் என்று எண்ணுவோர் ஒருமுறை தீவகத்துக்கு வந்து பார்க்கட்டும். வேலணையிலிருந்து புங்குடுதீவு வரை தாம்போதி உண்டு. பஸ் வண்டி ஓடும். குறிகட்டுவானோடு தரை முடிகிறது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வீதி, படகே வண்டி. நோயாளி போவதும் அதில். ஆசிரியர் வருவதும் அதில். அரிசி மூடை ஏறுவதும் அதில். காற்றுக் குணம் மாறினால் அந்த வீதி மூடப்படும். வீதி எப்பொழுது மூடப்படும் என்பதை முன்னாள் மாலையே அறிந்துகொள்ளும் உரிமை கொழும்பு வாசிக்கு உண்டென்றால், நெடுந்தீவு வாசிக்கு ஏன் இல்லை?

நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இந்நாட்டில் வானிலை என்பது முழு நாட்டுக்கும் பொதுவான ஒரு பொருளாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. மாதம் முடிந்ததும், நாட்டில் மழை வழமைக்கு மேல் என்றோ கீழ் என்றோ, வெப்பம் வழமையை விஞ்சியது என்றோ ஒரு முடிவு கூறப்படும். எந்த நாட்டின் வழமை? மேற்கு மலைச்சாரலில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரையும் கடந்து மழை கொட்டும். மன்னார்ப் பக்கத்தில் 1000 மில்லிமீற்றர் காண்பதே அரிது. நுவரெலியாவின் 16 பாகையையும் யாழ்ப்பாணத்தின் 28 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 22 பாகை வரும். அந்த 22 பாகை நுவரெலியாவில் குளிரில் நடுங்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உதவாது. வைகாசி வெயிலில் வேகும் நமக்கும் உதவாது.

பருவத்தின் பெயரே நமக்குப் பொருந்தவில்லை. திணைக்களத்தின் ஏட்டில் வடகீழ்ப் பருவமழைக் காலம் டிசம்பர் முதலாந் திகதி தொடங்கிப் பெப்ரவரியில் முடிகிறது. ஒக்ரோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக் காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டொன்றில் கிடைக்கும் சுமார் 1200, 1300 மில்லிமீற்றர் மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. அதிலும் நவம்பரே தலைமாதம். ஐப்பசியும் கார்த்திகையின் முற்பாதியும் எமக்கு உயிர்ப்பருவம். கொழும்பின் ஏட்டில் அது "இடை"ப்பருவம்! பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். எங்கள் உயிர்ப்பருவத்தை இடையில் வந்துபோகும் ஒன்றாகப் பதிந்துவைத்திருக்கும் கண்ணோட்டம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே மாத நடுவில், காய்ந்து கிடக்க வேண்டிய வைகாசியில், கிளிநொச்சியில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. அதே நாட்களில் தெற்கே அரநாயக்காவில் மலை சரிந்து ஊர்களை விழுங்கியது. ஆனால் அதே ஆண்டில், பெய்ய வேண்டிய ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. விதைத்த நெல் முளையிலே கருகியது. 40 ஆண்டுகளில் காணாத வறட்சி என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் 2017இல் மதிப்பிட்டன. அவ்வாண்டு நாட்டின் நெல் விளைச்சல் 27 இலட்சம் தொன்னாக, முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதம் குறையும் என்று கணக்கிடப்பட்டது. வைகாசி மழையையும் ஐப்பசி வறட்சியையும் ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்ப்பவனுக்கு இந்தத் துன்பம் பாதிதான் தெரியும். வைகாசியில் பெய்த நீரைக் கொண்டு ஐப்பசி விதைப்பைச் செய்ய எந்தக் கமக்காரனாலும் இயலாது.

இந்தப் பொய்ப்பு முன்னறிவிப்பின்றி வந்ததுமன்று. 2016 ஆடி ஆவணியிலேயே இந்து சமுத்திரத்தின் கிழக்குப் புறம் வழமையை விஞ்சிச் சூடேறியிருந்ததை உலகின் வானிலை நிலையங்கள் கண்டுவிட்டன. கடல் அவ்வாறு இருக்கும் ஆண்டுகளில் எமது ஐப்பசி மழை குன்றும் என்பது அறிஞர்கள் பலமுறை எழுதியது. பசிபிக் கடலில் எல் நினோ என்னும் சூடு எழும் ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை மிகுவதும், தை பிறந்தபின் மழை குறைவதும் அவ்வாறே கண்டறியப்பட்டவை. இந்த அறிவு எந்தக் கமநல சேவை நிலையத்தின் சுவரில், எவருக்கும் விளங்கும் தமிழில், விதைப்புக்கு முன்னர் ஒட்டப்பட்டது? ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் உள்ள எமது வாசகர்கள் கண்டிருந்தால் எழுதட்டும், மகிழ்வோடு பிரசுரிப்போம்.

மழையின் அளவினும் அது பெய்யும் விதமே தீவகத்தின் தலைவிதியை எழுதுகிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 4 இலட்சம் லீற்றர் தண்ணீர். அது பத்து நாளில் பெய்தால் மண்ணுக்குள் இறங்கும். ஓர் இரவில் பெய்தால் வரம்பை உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். மாத அட்டவணையில் இரண்டும் ஒரே எண்! எமக்கு ஆறில்லை, மலையில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் ஊறி நிற்கும் நன்னீர், கீழேயுள்ள உவர் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உவர் ஏறும். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளைத் தேடி மக்கள் நடந்ததும், வறட்சி ஆண்டுகளில் அத்தீவின் குதிரைகள் நீரின்றி மடிந்ததும் எவர் அறியாதவை? பெய்யும் நாட்கள் குறைந்து பெய்யும் வேகம் கூடினால், அட்டவணையில் வழமை என்று எழுதப்பட்ட ஆண்டிலேயே தீவகத்தின் கிணறு உவராகும். வழமையான மழை பெய்ததே, நிவாரணம் எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்டால் அந்தக் கமக்காரன் என்ன சொல்வான்?

உலகமே சூடாகிறது, நாம் என்ன செய்யலாம் என்று கைவிரிப்பது இப்பொழுது நாகரிகமாகிவிட்டது. உண்மைதான். 2024ஆம் ஆண்டு, கைத்தொழில் யுகத்துக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் உலகம் சூடேறிய முதலாவது ஆண்டென்று உலக வானிலை நிறுவனம் கூறிற்று. காற்று ஒரு பாகை சூடேறினால் நூற்றுக்கு 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். ஆனால் இது கொழும்புக்கு விடுதலைப் பத்திரம் அன்று. வானம் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் அளப்பதும் அறிவிப்பதும் முன்னிலும் அவசியமாகின்றன. பழகிய வானத்தை எங்கள் பாட்டன்மார் கருவியின்றியே வாசித்தார்கள். கச்சான் எப்போது திரும்பும், சோளகம் எப்போது எழும் என்பதைக் கரையில் நின்றே சொன்னார்கள். அந்தக் கணக்குத் தவறத் தொடங்கிய காலத்தில் கருவியும் நமக்கு இல்லையென்றால் எதை நம்புவது?

கருவியின் கதையைக் கேளுங்கள். தெனியாயப் பக்கத்துக் கொங்கல மலையில் டொப்ளர் ராடர் நிறுவப்போவதாகச் சொன்னார்கள். வந்த கருவி இயங்காமலே போயிற்று. 2017இல் யப்பானிய உதவியுடன் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு நிறுவ உடன்படிக்கை செய்தார்கள். 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வாப் புயல் கரையேறி, 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது அவ்விரண்டும் இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. குறிகட்டுவானுக்கு நேர் வடக்கே, சுமார் 150 கிலோமீற்றர் தூரத்தில், காரைக்காலில் இந்தியாவின் ராடர் சுழல்கிறது. எங்கள் தலைக்கு மேல் வரும் மேகத்தைக் காரைக்கால் காண்கிறது, கொழும்பு காணவில்லை. எங்கள் கடற்றொழிலாளர் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு வானிலையைப் பார்த்துவிட்டு வலை எடுக்கிறார்கள் என்றால் அதில் வியப்பென்ன? இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழனை அவன் நாட்டிலேயே செவிடனாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிற்று. எழுதி 38 ஆண்டுகள் சென்றபின், டித்வா வந்த நாட்களில், அவசர அறிவித்தல்கள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்திவர, தமிழில் பிந்தியும் வராமலும் போயின என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. மலையகத்தில் சரியும் மலையின் கீழ் நின்றவர்களில் பெருந்தொகையினர் தமிழ் பேசும் மக்கள். ஓர் உத்தியோகப் படிவம் தமிழில் வராவிட்டால் ஒரு நாள் வீணாகும். ஒரு புயல் எச்சரிக்கை தமிழில் வராவிட்டால்?

இடந்தோறும் எச்சரிப்பது நடவாத காரியம் என்று எவரேனும் சொன்னால், எதிர்க்கரையைக் காட்டுகிறோம். பாம்பன் துறைமுகத்தில், இலக்கமிட்ட புயல்கூண்டு ஏற்றப்படுகிறது; எந்த இலக்கத்துக்கு எந்த ஆபத்து என்பது அங்கே எழுத்தறியாத வலைஞருக்கும் தெரியும். வங்காள தேசத்தைப் பாருங்கள். எம்மைப்போலத் தாழ்ந்த தீவுகளில் வாழும் ஏழை மக்கள். 1970 நவம்பர்ப் புயலில் அங்கே குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். 1972இல் தொண்டர் படை ஒன்றை ஊரூராக அமைத்தார்கள். கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்தார்கள். மேடான தங்குமிடங்கள் கட்டினார்கள். 2020இல் அம்பான் என்னும் பெரும்புயல் வந்தபோது அந்நாட்டில் இறந்தோர் சில பத்துப் பேர். வந்த புயல்கள் இளைத்துப் போகவில்லை. செய்தி ஊர்வாசல் வரை சென்றது, அவ்வளவே. இங்கே 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் உலுக்கியது. 2008 நவம்பரில் நிஷா யாழ்ப்பாணத்தை மூழ்கடித்தது. 2020 டிசம்பரில் புரவி வந்தது. 2024 நவம்பரில் பெருவெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நின்றது. ஒவ்வொன்றின் பின்னும் உலர் உணவுப் பொதி வந்தது. குறிகட்டுவானில் ஒரு கொடிக்கம்பம் வேண்டும் என்பது எவர் மூளைக்கும் எட்டவில்லை.

எங்கள் பிரதிநிதிகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளம் வடியுமுன் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெருமக்களுள், மாதவாரி மழைக் கணக்கைத் தீவு தீவாகத் தருமாறு பாராளுமன்றத்தில் வினா எழுப்பியவர்கள் எத்தனை பேர்? கடல் கடந்து வாழும் தீவகத்துச் செல்வர்களையும் கேட்கிறோம். கோபுரம் எழுப்புங்கள், வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆயினும் கோயிலடிக் கேணி தூர்ந்து குப்பைமேடாகக் கிடக்கையில், கோபுரத்தின் நிழல் எந்த நீரில் விழும்?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களின் கீழுள்ள ஒவ்வொரு தீவுக்கும், மாகாணத்தோடு சேர்க்காத தனி முன்னறிவித்தல் வேண்டும்; அது தமிழில், மற்ற மொழிகளோடு ஒரே நேரத்தில் வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலும் நயினாதீவு, நெடுந்தீவுத் துறைகளிலும் காற்று, அலை, மழை எழுதிய பலகையும், இரவிலும் தெரியும் அடையாள விளக்கும் வேண்டும். மறுநாட் படகு நிற்குமென்றால் முதல்நாள் மாலையிலேயே அங்கு அது எழுதப்படவேண்டும். ஒவ்வொரு தீவிலும் நாளாந்தம் பெய்த மழை எவ்வளவு, எத்தனை நாளில் பெய்தது என்ற விபரம் மாதந்தோறும் கமக்காரர் சங்கங்களுக்குக் கிடைக்கவேண்டும். பயிரழிவை மதிப்பிட வருவோர் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும்.

அரசாங்கம் அசையும்வரை எங்கள் பாடசாலைகள் காத்திருக்க வேண்டியதில்லை. மழைமானி என்பது ஒரு புனலும் ஓர் அளவுகோற் குவளையும். காலை 8.30க்கு ஒருவர் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். புங்குடுதீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் நெடுந்தீவிலும் விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; துடிப்புள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். வரும் ஐப்பசி முதலாந் திகதி தொடங்கி அவ்வேட்டை எழுதி, மாத முடிவில் ஒரு பிரதியை யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கும், ஒரு பிரதியைக் கொழும்புத் திணைக்களத்துக்கும், ஒரு பிரதியை எமக்கும் அனுப்புங்கள். திணைக்களத்தின் "சில இடங்க"ளுக்குப் பக்கத்தில், இடத்தின் பெயரோடு அதை நாம் அச்சிடுவோம்.