பட்டனை அமுக்கினா பீர் வராது மக்கா!

டிஸ்கி: இது அமெரிக்காவுல குப்பை கொட்டுற மக்களுக்கான பதிவு. 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, வயசு வந்தவங்க ரெண்டு பேர் இருக்குற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கலாம். தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா போலீஸ்தான் வரும். அப்ப என் பேரை இழுக்காதீங்க :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். போன வாரம் நண்பர் ஒருத்தர் ஃபோன்ல, "தல, நானும் பீர் காய்ச்சப் போறேன். எல்லாத்தையும் அதுவே பாத்துக்குற ஆல்-இன்-ஒன் மெஷின் வாங்கப் போறேன்"னாரு. "வேணாம்யா"ன்னு கத்திட்டேன். நான் பட்டவன்.

அந்த மெஷின் அப்படி என்னதான் கிழிக்குது? முளைகட்டிக் காயவெச்ச பார்லியை 65-68 டிகிரி செல்சியஸ் தண்ணியில ஒரு மணி நேரம் ஊறவைக்கும். பம்ப் போட்டுச் சுத்தவிடும். அப்புறம் ஹாப்ஸோட (பல மெஷின்ல அதையும் நீங்கதான் போடணும்) ஒரு மணி நேரம் கொதிக்கவிடும். அம்புட்டுதேன். கையில கிடைக்கிறது இனிப்பும் கசப்புமா ஒரு கஷாயம். அதுல சொட்டு ஆல்கஹால் கிடையாது. அதைப் பீராக்குறது ஈஸ்ட். அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அந்த வாரங்கள்ல பெரும்பாலான மெஷின் கழுவிக் கவுத்து வெச்சபடி சும்மா கிடக்கும்.

இட்லி மாவை யோசிங்க. கிரைண்டர் எவ்ளோ காஸ்ட்லியா இருந்தாலும் ஆட்டத்தான் செய்யும். ஜனவரி குளிர்ல மாவை அவனுக்குள்ள வெச்சு, லைட்டைப் போட்டுட்டு, ராத்திரி எழுந்து எழுந்து பாக்குறது யாரு? நாமதானே?

என் முதல் பேட்ச்ல மெஷின் தன் வேலையைச் சுத்தமா முடிச்சுது. நான்தான் பக்கெட்டை ஜூலை மாசக் கராஜுல வெச்சேன். ஏல் ஈஸ்டுக்கு 18-22 டிகிரி போதும். அது அனல்ல கொதிச்சுப்போய் என்னென்னமோ கக்கிருச்சு. தங்கமணி மோந்து பாத்துட்டு, "நெயில் பாலிஷ் அழிக்கலாம் போல"ன்னா. 5 கேலன், சிங்க்ல. அப்புறம் அந்த பம்ப், குழாய் எல்லாம் கழுவுனது தனிப் பதிவாப் போடலாம்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. சியாட்டில்ல பிகோபுரூன்னு ஒரு கம்பெனி. அவங்க பிகோ மெஷினுக்கு அவங்க பாக்கெட்தான் போடணும், ரெசிப்பி அவங்க சர்வர்ல இருந்துதான் வரணும். பிரிண்டருக்கு இங்க் விக்கிற அதே வித்தை. 2020-ல கம்பெனியை மூடிட்டாங்க. மெஷினை உயிரோட வெச்சுக்க, வாங்குன ஆளுங்க சிலர் தாங்களே சர்வர் எழுத வேண்டியதாப் போச்சு. என்கிட்ட இருக்குற அலுமினியப் பானைக்கு வைஃபையே தேவையில்ல.

ஆரம்பிக்கிறவருக்கு ஒரு பெரிய பானை, மூடி போட்ட பக்கெட், வாயு வெளியேற ஏர்லாக், ஹைட்ரோமீட்டர், சானிடைசர், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போதும். மெஷினுக்கு வெச்சிருந்த காசுல ஒரு பழைய ஃபிரிட்ஜும் டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் வாங்குங்க. பத்துப் பேட்ச் போட்டு, பானை தூக்கி இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா அப்ப மெஷின் வாங்குங்க, நானே வந்து பிரிச்சுக் குடுக்குறேன்.

நண்பர் இன்னும் ஆர்டர் பண்ணலியாம். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பானை ரெடி.