இணையவழிப் பணமோசடியும் முடங்கும் கணக்குகளும்: திருச்செந்தூர் சிறுவியாபாரிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்
செயலாளர்,
திருக்கோயிலைச் சுற்றிக் கடை நடத்தும் சிறுவியாபாரிகள் சார்பில்,
திருச்செந்தூர், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தூத்துக்குடி.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தூத்துக்குடி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், வருவாய் கோட்டாட்சியர், திருச்செந்தூர், இணை ஆணையர், அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி திருக்கோயில்.

பொருள்: யு.பி.ஐ. மற்றும் வங்கிக் கணக்குகளில் நடக்கும் மோசடிகள் – புகாரை எழுத்துப்பூர்வமாக ஏற்றல், இழந்த பணத்தை மீட்டல், முழுக் கணக்கையும் முடக்குவதைத் தவிர்த்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பேருந்து நிலையத்தில் இறங்கும் பக்தர் கோயில் வாசலை அடையும் முன் கடந்து வரும் கடைகள் எங்களுடையவை. தேங்காய் பழம், பூமாலை, உடன்குடிக் கருப்பட்டி, பனங்கிழங்கு, சங்கு, சோழி, பொரிகடலை, தேநீர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. 2016இல் யு.பி.ஐ. வந்தபோது எங்களில் பலரும் நம்பவில்லை. கல்லாப்பெட்டியும் மடியில் செருகிய சுருக்குப்பையும் போதும் என்றிருந்தோம். இன்று பத்து ரூபாய்த் தேநீருக்கும் கியூஆர் அட்டையைத்தான் தேடுகிறார்கள். சில்லறைத் தகராறு ஒழிந்தது. கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. அந்த நன்மையை நாங்கள் மறுக்கவில்லை, பழைய முறைக்குத் திரும்பவும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாமல் எங்கள் பணம் போகும்போது விதிப்படி கிடைக்கவேண்டிய பாதுகாப்பையும், எங்களுக்குத் தெரியாமல் வேறொருவருடைய களவுப் பணம் எங்கள் கணக்குக்கு வந்துவிட்டால் சட்டப்படி நடக்கவேண்டிய முறையையும்தான் கேட்கிறோம். விதிகள் இருக்கின்றன. அவை திருச்செந்தூர் வங்கிக் கவுண்டர் வரை வந்து சேரவில்லை என்பதே எங்கள் குறை.

முதலில் கணக்கு முடக்கம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களை அதிகமாக நிலைகுலைய வைத்திருப்பது அதுதான்.

பூக்கட்டி விற்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணத்தை எடுக்க வங்கிக்குப் போனார். கணக்கு முடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் பெயரே கேள்விப்படாத வெளிமாநில ஊர் ஒன்றின் காவல் நிலையத்திலிருந்து கோரிக்கை வந்திருந்தது. அவர் கணக்கில் வந்த சந்தேகத் தொகை 450 ரூபாய். முடக்கப்பட்டதோ கணக்கிலிருந்த 61,000 ரூபாயும். "அந்த ஊரு போலீஸ்லதான் போயிப் பேசணும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்து அழுதார்: "நான் யாருட்டயும் அஞ்சு பைசா ஏமாத்தலையே அண்ணாச்சி, எதுக்கு எம் பணத்தப் பிடிச்சு வச்சிருக்காவ?" அன்று எங்களால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எங்கோ ஏமாந்த ஒருவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்கிறார். அவருடைய பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கெங்கே பிரிந்தது என்று அடுத்தடுத்த படிகளாகப் பின்தொடர்கிறார்கள். களவுப் பணத்தில் ஒரு துளியைக் கையில் வைத்திருந்தவன், அல்லது அவனிடமிருந்து கூலி வாங்கிய யாரோ ஒருவர், திருச்செந்தூர் வந்து இரண்டு மாலை வாங்கினால் பூக்காரரின் கணக்கும் அந்தப் படிவரிசையில் ஏறிவிடுகிறது. திருடனைப் பின்தொடரும் இந்த முறை தேவையானது. அதை எதிர்க்க மாட்டோம். ஆனால் மாலை வாங்க வருகிறவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பூக்காரரால் கேட்டுப் பார்க்க முடியும்?

கேரள உயர் நீதிமன்றம் 2023இலேயே, காவல்துறை குறிப்பிடும் தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், தெலங்கானா காவல்துறையின் கோரிக்கையால் முடங்கிய ஒரு கணக்கில் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருப்பு இருந்தது. சந்தேகத்துக்குரிய தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த விடும்படி நீதிமன்றம் சொன்னது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி கைப்பற்றல் செய்யும் அதிகாரி உடனே குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 450 ரூபாய்க்கு 61,000 ரூபாயை மாதக்கணக்கில் பூட்டிவைப்பது இவற்றில் எதற்கும் பொருந்தவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது: மாவட்டத்திலுள்ள எல்லா வங்கிக் கிளைகளுக்கும் முன்னோடி வங்கி மூலம் தெளிவான அறிவுறுத்தல் போக வேண்டும். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயங்க விட வேண்டும். முழுக் கணக்கையும் முடக்கும்படி காவல்துறை எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தின் நகல், குற்ற எண், விசாரணை அதிகாரியின் பதவி, தொடர்பு எண் ஆகியவற்றைக் கணக்குதாரர் கேட்ட அன்றே தர வேண்டும். அவரை வெளிமாநிலத்துக்கு அலையவிடாமல், தூத்துக்குடி மாவட்ட சைபர் குற்றப் பிரிவு எங்கள் விளக்கத்தையும் விற்பனை விவரத்தையும் வாங்கி அந்த மாநிலக் காவல்துறைக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஒரு பூக்காரருக்கு ரயில் கட்டணமும் மூன்று நாள் வியாபார இழப்பும் சேர்ந்தால் 450 ரூபாயைப் போல எத்தனையோ மடங்கு ஆகிவிடும்.

அடுத்தது, எங்களிடமிருந்தே பணம் களவு போவது.

கந்த சஷ்டிச் சமயம். தேநீர்க்கடை நடத்தும் மூத்த உறுப்பினர் ஒருவருக்குப் போன் வந்தது. பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு விவரம் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை வேலை செய்யாது என்றான் பேசியவன். சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் அந்தப் பெட்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பதற்றத்தில், அவன் அனுப்பிய செயலியை இவர் போனில் ஏற்றிவிட்டார். சற்று நேரத்தில் மூன்று தடவையாகப் பணம் போய்விட்டது. அடுப்படியில் நின்றவர் எஸ்.எம்.எஸ். வந்ததைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. மறுநாள் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எழுதிக்கொண்டு போனதும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது இல்லை, தேதி முத்திரை இல்லை.

அந்த ரசீது ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், வங்கித் தகவல் கிடைத்து மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு கிடையாது. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் என்றால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாயும்தான் அவர் ஏற்கவேண்டிய உச்ச அளவு. புகார் கிடைத்து பத்து வேலைநாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியினுடையது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், அவர் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு முழுவதும் வங்கியைச் சேர்ந்தது. இத்தனையும் எந்த நாளில், எந்த மணிக்குத் தெரிவித்தோம் என்பதில் தொங்குகிறது. ரசீது இல்லாதவருக்கு இந்தச் சுற்றறிக்கை இருந்தும் இல்லாததுதான்.

எங்கள் பக்கத் தவறை மறைக்கவில்லை. பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ தானே சொல்லிவிட்டவருக்கு, புகார் செய்யும்வரை ஆன இழப்பு அவருடையதே என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் தவறு யாருடையது என்பது விசாரித்துச் சொல்லவேண்டிய முடிவு. கவுண்டரில் ஆளைப் பார்த்ததும் "நீங்கதான் ஓ.டி.பி. சொல்லியிருப்பீங்க" என்று முடித்துவிடுவதை நாங்கள் ஏற்க முடியாது. ஆடைக்கடை ஒன்றின் வாடிக்கையாளர் சேவை என்று பேசியவன் சொன்ன செயலியை ஏற்றி 94,204 ரூபாய் 80 காசு இழந்தவர் வழக்கில், உடனே புகார் செய்த அவருக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற கௌஹாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்துவிட்டது. எங்கள் தேநீர்க்கடைக்காரர் செய்ததும் அதேதான்.

இது இந்த மாவட்டத்துக்கும் புதிய சங்கதி இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த, தூத்துக்குடியில் தனியார் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர், 2007இல் வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி 6.46 லட்சம் ரூபாய் இழந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பதிகாரியாக இருந்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர் 2010 ஏப்ரலில் அந்த வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்றார். நாட்டில் இவ்வகைத் தீர்ப்புகளில் முன்னோடியாகச் சொல்லப்படுவது அது. அவருக்கு வழக்கு நடத்த வசதி இருந்தது. எங்களுக்கு இல்லை, அதனால்தான் கிளையிலேயே நியாயம் கிடைக்கும் வழியைக் கேட்கிறோம். 1921இல் தூத்துக்குடி வியாபாரிகள் சேர்ந்து சொந்தமாக வங்கி தொடங்கிய மாவட்டம் இது. வங்கிக்கும் வியாபாரிக்கும் இடையே நம்பிக்கை என்பது இங்கே மூன்று தலைமுறைப் பழக்கம்.

எனவே ஒவ்வொரு கிளையிலும் மோசடிப் புகாரைத் தமிழில் ஏற்று, தேதியும் மணியும் குறித்த ரசீதை அங்கேயே தர ஆணையிட வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் ஊழியர் எழுதிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன சுற்றறிக்கையின் சாரமும், 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம் என்ற தகவலும், 1930, ரிசர்வ் வங்கித் தொடர்பு மையத்தின் 14448 ஆகிய எண்களும் பெரிய எழுத்தில் தமிழில் ஒவ்வொரு கிளை வாசலிலும் எழுதப்பட வேண்டும். எஸ்.எம்.எஸ். தகவலைத் தமிழில் பெற விரும்புகிறவருக்குத் தமிழிலேயே அனுப்ப வங்கிகளை வலியுறுத்த வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தில் நடக்கும் சிறு களவுகளும் உண்டு. பணம் போய்விட்டது போலப் பச்சை டிக் காட்டும் போலிச் செயலியை வைத்துக்கொண்டு பொருளை வாங்கிப் போகிறார்கள். கூட்டம் பெருகும்போது செல்போன் சிக்னல் திணறும். ஸ்பீக்கர் பெட்டி பேசத் தாமதிக்கும். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது திரையைப் பார்த்து நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், அதுவும் கோயில் ஊர்தான், 2025 ஜனவரியில் ஓர் இரவில் கடைகளின் கியூஆர் அட்டைகள் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். பெட்ரோல் பங்க்கும் அதில் தப்பவில்லை. பணம் செலுத்தியவர் வேறு பெயர் வருகிறதே என்று கேட்ட பிறகே தெரிந்தது. எங்கள் கடைகளில் காலையில் திறந்ததும் அட்டையைத் தடவிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

இருநூறு ரூபாய்க்கெல்லாம் புகாரா என்று கேட்டு எங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று காவல்துறையைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரே ஆள் ஒரே நாளில் முப்பது கடையில் இருநூறு எடுத்தால் அது ஆறாயிரம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்து, எல்லாப் புகார்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் சிக்குவான். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும் என்பதை அறிவோம். அதனால் கந்த சஷ்டி, மாசித் திருவிழா, வைகாசி விசாகம், குலசேகரப்பட்டினம் தசரா ஆகிய நாட்களில் சைபர் குற்றப் பிரிவின் தற்காலிக உதவி மையம் ஒன்றைக் கோயில் புறக்காவல் நிலையத்தை ஒட்டி அமைக்க வேண்டும். 1930 எண் கிடைக்காதபோது அங்கிருந்தே இணையதளத்தில் புகார் பதிவு செய்ய வசதி வேண்டும். பணம் கணக்கு மாறிக் கணக்கு போவதற்கு முன் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் மீட்க வழி அதிகம். அந்த நேரம் எங்களுக்குத் தூத்துக்குடிப் பேருந்திலேயே கழிந்துவிடுகிறது. அந்நாட்களில் நடமாடும் செல்போன் கோபுரங்களைக் கூடுதலாக நிறுத்தவும் ஏற்பாடு வேண்டும்.

பக்தர்களுக்காகவும் ஒரு வார்த்தை. யாத்திரைத் தலங்களில் தங்கும் அறை, முன்பதிவு என்று போலி இணையதளங்கள் ஏமாற்றுவதாக மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. திருக்கோயிலின் அதிகாரபூர்வ இணைய முகவரியைப் பேருந்து நிலையம், ரயில் நிலையம், நாழிக்கிணறு வழி ஆகிய இடங்களில் நிலையான பலகையாக வைக்க வேண்டுகிறோம்.

இவற்றை நிறைவேற்ற எங்கள் உழைப்பையும் தருகிறோம். உதவி மையத்தில் நாள்தோறும் இரண்டு இளைஞர்களை எங்கள் செலவில் அமர்த்தத் தயார். பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை என்பதைக் கடை கடையாகப் போய்ச் சொல்லிவருகிறோம்.

வரும் ஐப்பசிக் கந்த சஷ்டி விழாத் தொடக்கத்துக்கு ஒரு மாதம் முன்பாகவாவது, வங்கி மேலாளர்கள், சைபர் குற்றப் பிரிவு அதிகாரிகள், எங்கள் பிரதிநிதிகள் என மூன்று தரப்பினரும் அமரும் கூட்டம் ஒன்றைத் திருச்செந்தூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம். பூக்கட்டும் அந்த உறுப்பினரின் கணக்கு இன்னும் முடங்கியே இருக்கிறது. மகளின் அடுத்த பருவக் கட்டணத்துக்கான கடைசித் தேதி நெருங்குகிறது. அவருடைய விஷயத்தை மட்டும் கூட்டத்துக்குக் காத்திராமல் உடனே கவனிக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: பாதிக்கப்பட்ட உறுப்பினர்களின் எழுத்துமூல வாக்குமூலங்கள், கணக்குப் பரிவர்த்தனை நகல்கள், ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், உறுப்பினர் கையொப்பங்கள்.

இடம்: திருச்செந்தூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்