ஜிடிஏ 6: ரிலீஸ் தேதியைவிட முக்கியமான கேள்வி!

'ஜிடிஏ 6 எப்போ வரும்?' கேமிங் பக்கமே போகாதவர்களுக்கும் மீம்ஸ் வழியாக இந்தக் கேள்வி வந்து சேர்ந்திருக்கும். 2025-ல் வர வேண்டிய கேம், முதலில் 2026 மே 26-க்குத் தள்ளிப்போனது. அதன்பிறகு 2025 நவம்பரில் மீண்டும் ஒருமுறை தள்ளிவைத்த ராக்ஸ்டார் நிறுவனம், புதிய தேதியாக 2026 நவம்பர் 19-ஐ அறிவித்தது.

தேதி இருக்கட்டும். இந்த கேம் நம்முடைய பணத்தையும் நேரத்தையும் எப்படிக் கேட்கப்போகிறது? அதற்கான துப்பு, 2013-ல் வந்த ஜிடிஏ 5-ல் இருக்கிறது.

ஜிடிஏ 5-ல் அப்படி என்ன இருந்தது?

லாஸ் ஏஞ்சலஸை அச்சாக வைத்து உருவாக்கப்பட்ட லாஸ் சான்டோஸ் என்ற கற்பனை நகரம். மைக்கேல், ஃபிராங்க்ளின், ட்ரெவர் என மூன்று குற்றவாளிகள். ஒரு பட்டனைத் தட்டினால் கேமரா வானத்துக்கு ஏறி, அடுத்தவர் இருக்கும் இடத்தில் இறங்கும். நாம் போகும்போது ட்ரெவர் என்ன கோலத்தில் இருப்பார் என்பதே ஒரு சஸ்பென்ஸ்தான்!

கேமின் உயிர்நாடி, கொள்ளைத் திட்டங்கள். நகைக்கடையில் துப்பாக்கியோடு புகுவதா, ஏசி குழாய் வழியாக வாயுவைச் செலுத்தி எல்லோரையும் மயக்குவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டாளிகளையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். குறைந்த பங்கு கேட்கிறாரே என்று கத்துக்குட்டியைச் சேர்த்தால், தப்பிக்கும் வழியில் அவர் விழுவார். கூடவே நகைப் பையும் போகலாம்.

போலீஸ் துரத்தலிலும் யோசிக்க வேண்டும். குற்றத்தின் அளவுக்கு ஏற்ப ஐந்து நட்சத்திரம் வரை ஏறும். வேகமாக ஓட்டினால் மட்டும் போதாது. சந்தில் ஒதுங்கி, மேப்பில் போலீஸின் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நழுவ வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கதை முடியும்போது மூவர் கையிலும் கோடிக்கணக்கில் டாலர் இருக்கும். சரியான நேரத்தில் பங்குச்சந்தையில் போட்டிருந்தால் இன்னும் அதிகம். பணத்தை வாரி வழங்கும் உலகம் அது.

ஆன்லைன் வந்ததும் என்ன மாறியது?

2013 அக்டோபரில் அறிமுகமான ஜிடிஏ ஆன்லைன், அதே நகரம்தான். ஆனால் கணக்கு வேறு. கார், பங்களா, பதுங்கு குழி என எல்லாவற்றுக்கும் லட்சக்கணக்கில் ஆட்டப் பணம் தேவை. அதை மணிக்கணக்கில் மிஷன் செய்து சேர்க்கலாம். பொறுமை இல்லையென்றால், 'ஷார்க் கார்டு' மூலம் நிஜப் பணம் கொடுத்து வாங்கலாம். அதில் பெரிய கார்டின் விலை 99.99 டாலர். 2022-ல் மாதச் சந்தாவும் வந்தது.

ஆட்டப் பணம் எளிதாகக் கிடைத்தால் கார்டை யார் வாங்குவார்கள்? கதைப் பகுதியின் தாராளம் இங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பாதிப்பு கதைக்கும் வந்தது. ஜிடிஏ 4-க்கு 2009-ல் இரண்டு கூடுதல் கதைகள் வெளியாயின. ஐந்தாம் பாகத்துக்கும் 2014-ல் புதிய கதை வரும் என்று ராக்ஸ்டார் சொல்லியிருந்தது. கடைசிவரை வரவில்லை. ஃபிராங்க்ளினின் அடுத்த கட்டக் கதை 2021-ல் வந்தபோதும் ஆன்லைனுக்குள்தான் வந்தது.

அப்போ ஆன்லைன் மோசமா?

அப்படியும் சொல்ல முடியாது. புதிய மிஷன்கள், கொள்ளைகள், வாகனங்கள் என அப்டேட்கள் இலவசமாகவே வந்துகொண்டிருக்கின்றன. 2020-ல் வந்த கேயோ பெரிக்கோ கொள்ளையைத் தனி ஆளாகவே முடிக்கலாம். நண்பர்களோடு வார இறுதியில் ஆட இதைவிட நல்ல களம் குறைவு. 21.5 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றதில் ஆன்லைனுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறில் என்ன வருகிறது?

லூசியா, ஜேசன் என்ற ஜோடிதான் நாயகர்கள். ஃபுளோரிடாவை நினைவூட்டும் லியோனிடா மாநிலம். அதற்குள் பழைய ரசிகர்களுக்குப் பழக்கமான வைஸ் சிட்டி. பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றுக்குத்தான் அறிவிப்பு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பிசி இல்லை. ஐந்தாம் பாகமும் கன்சோலுக்கு வந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகே, 2015 ஏப்ரலில், பிசிக்கு வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

லேப்டாப்பில் ஆடுபவர்கள், இதற்காகவே அவசரப்பட்டு இஎம்ஐ-யில் கன்சோல் வாங்க வேண்டாம். கன்சோல் இருப்பவர்களும் முதல் வாரத்தைக் கடந்துபோக விடலாம். அதன்பிறகு விமர்சனங்களில் கிராஃபிக்ஸ் பற்றிய பாராட்டைத் தாண்டி இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: கதையைத் தனியாக ஆடினால் முழுமையாக இருக்கிறதா? ஆன்லைனில் ஒரு சாதாரண கார் வாங்க எத்தனை மணி நேரம் ஆட வேண்டியிருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கான பதில் 'பல நாள்' என்றால், வாங்கும் விலையோடு செலவு முடியாது என்று அர்த்தம். வேலை முடிந்து வந்து ஆட நமக்குக் கிடைப்பதே இரவில் ஒரு மணி நேரம்தானே!