"மவுத்துக்கும் கிளாஸா?" என்று கேட்டவர்களுக்கு



போன சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். இனிக் குணமாகாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்ட நோயாளியை வீட்டில் வைத்து எப்படிப் பராமரிப்பது, கடைசிக் காலத்துக்கு முன்கூட்டியே எதைப் பேசி, எதை எழுதி வைப்பது என்பதுதான் விசயம். ஒரு டொக்டரும் ஒரு தாதி மிஸ்ஸும் தங்கட லீவு நாளில் வந்திருந்தார்கள். நூறு கதிரை போட்டோம். வந்தது பத்தொன்பது பேர். அதில் ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் கதிரை வாடகைக்குத் தந்தவர்.

ஏன் ஆட்கள் வரவில்லை என்று மஃரிபுக்குப் பிறகு வட்ஸ்அப் குறூப்பில் தெரிந்தது. "மவுத்துக்கும் கிளாஸ் எடுக்கத் தொடங்கிட்டாங்களாம். ஹயாத்து அல்லாஹ்ட கையில. இவங்க ஆரு நாள் குறிக்க?" என்று ஒரு வொய்ஸ். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். "டீச்சர் முதல்ல ஓ.எல். ரிசல்ட்டப் பார்க்கட்டும்" என்று இன்னொருவர். (ரிசல்ட்டைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். அதிலும் சொல்ல நிறைய இருக்கு.)

வொய்ஸ் போட்டவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரில் பாதிப் பேரின் மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதனால் பதிலும் எல்லோருக்கும்தான்.

முதலில், யாரும் யாருக்கும் நாள் குறிக்கவில்லை. பலியேட்டிவ் கெயார் என்றால், நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் நோயாளியின் வேதனையைத் தணிப்பது. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், பயம், மனக்கவலை எல்லாம் அதில் அடங்கும். பார்த்துக்கொள்கிற குடும்பமும் அடங்கும். கேன்சருக்கு மட்டும் உரியது என்பதும் பிழை. சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் பலவீனமானவர், பாரிசவாதத்தில் விழுந்தவர், மறதி நோயில் பிள்ளையின் முகமே மறந்துபோன மூத்தம்மா எல்லோருக்கும் உரியது. வைத்தியத்தை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். உலகத்தில் வருடத்துக்கு 5 கோடி 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது, கிடைப்பது 14 சதவீதமானவர்களுக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கு இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் போட்டது. ஊருக்குள் அதைப் பற்றிப் பேசினால் மட்டும் சிரிப்பு.

என்ட வாப்பாவின் கதையைச் சொல்கிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை.

வாப்பாவுக்கு நுரையீரலில் கேன்சர் என்று தெரிந்த அன்றே நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் கூடி ஒரு முடிவு எடுத்தோம்: அவருக்குச் சொல்லக் கூடாது. டொக்டரிடமும் கெஞ்சினோம். "சளி கட்டியிருக்கு வாப்பா, மருந்து எடுத்தா கரைஞ்சிடும்" என்றோம். ஏழு மாதம் அந்தப் பொய்யைச் சுமந்தோம். அவர் கேட்கும்போதெல்லாம் நாங்கள் பேச்சை மாற்றினோம். ஒரு நாள் இரவு என்னை மட்டும் கூப்பிட்டு, "மகள், எனக்குத் தெரியும். நீங்க அழுவீங்கன்னுதான் நான் கேக்கல்ல" என்றார். அவர் எங்களைக் காப்பாற்ற நடித்திருக்கிறார், நாங்கள் அவரைக் காப்பாற்ற நடித்திருக்கிறோம். ஒரு மனிதனின் கடைசி ஏழு மாதம் அப்படிப் போனது. அதற்குப் பதினொரு நாளில் வபாத்தானார். யாருக்கோ கொடுக்க வேண்டிய கடன் ஒன்றைச் சொல்ல வந்தார். மூச்சு வாங்கியதில் பெயர் விளங்கவில்லை. அந்தக் கடன்காரர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஜனாஸாவில் காக்கா எழுந்து நின்று பொறுப்பேற்றார், ஒருவரும் வரவில்லை. அந்தப் பதினொரு நாளை மட்டுமாவது எங்களுக்குத் தந்தது வாப்பாவின் துணிச்சல், எங்களுடையது அல்ல.

"சொன்னா மனசு உடைஞ்சிடும்" என்பீர்கள். உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் குத்தப்பட்டபோது வைத்தியர் கொடுத்த பால் காயத்தின் வழியாகவே வெளியே வந்தது. வைத்தியர் மறைக்கவில்லை, வஸிய்யத் செய்துகொள்ளுங்கள் என்றார். உண்மையைச் சொன்னார் என்று உமர் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு மகனைக் கூப்பிட்டுக் கடனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். அடக்கும் இடத்துக்காக ஆயிஷா நாயகியிடம் அனுமதி கேட்டு ஆள் அனுப்பினார்கள். இந்த வரலாற்றை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! வீட்டுக்கு வந்ததும் ஏன் மறந்து போகிறது?

இன்னொன்று. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் கடைசி நோயின்போது, வேண்டாம் என்று சைகை காட்டியும் வீட்டில் உள்ளவர்கள் வாயில் மருந்து ஊற்றிவிட்டார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதுதானே என்று நினைத்துச் செய்தது. தெளிந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டு, அங்கிருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊட்டச் சொன்னார்கள், அப்போது அங்கு இல்லாத அப்பாஸ் அவர்களைத் தவிர. புகாரியில் இருக்கிற ஹதீஸ். இதில் உலமாக்கள் பல சட்டம் எடுப்பார்கள், நான் ஆலிம் இல்லை. ஒரு டீச்சராக எனக்கு விளங்குவது, நோயாளி வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நமது வீடுகளில் இருக்கிறதா? "நீங்க சும்மா இருங்க உம்மா, உங்களுக்கு விளங்காது" என்பதுதானே நாம் கொடுக்கிற பதில்?

அடுத்தது மோர்பின். கூட்டத்தில் வந்த முதல் கேள்வியே அதுதான்: "அது ஹராம்தானே, குடுத்தா அடிமையாகிடுவாங்கதானே?" மோர்பின் 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருந்தது. டொக்டர் அளவு பார்த்து எழுதி, குறித்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். வலி தாங்க முடியாமல் கத்தும்வரை வைத்திருந்து கொடுப்பதல்ல. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். கேன்சர் வலிக்கு இப்படி எடுக்கிறவரை தெருவில் தூள் அடிக்கிற பொடியனோடு ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் உண்டென்று நமக்கெல்லாம் தெரியும். வலியில் துடிக்கிற மனுசிக்குத்தான் அதை மறுக்கிறோம்.

"ஐயூப் நபி பொறுக்கல்லையா?" என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று கேட்கிற ஆட்களை எனக்குத் தெரியும். ஐயூப் அலைஹிஸ்ஸலாம் தன் கஷ்டத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார், அல்லாஹ் அதை நீக்கினான். அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொறுமை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டியது. பல்லுக் கொதிக்கு இரவோடு இரவாக பார்மசி தேடி ஓடுகிற நாம் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிற மருந்தல்ல.

2020இல் நமது மையித்துகளை எரித்தார்கள். பிள்ளைகளின் ஜனாஸா எரிந்தபோது இந்த ஊர் எப்படி அழுதது! வெள்ளைத் துணி கட்டினோம், கையெழுத்து வைத்தோம், நோன்பு பிடித்தோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். உயிர் போன உடலுக்கும் கண்ணியம் வேண்டும் என்று அன்று நாடு முழுக்கச் சொன்னோம். சொன்னது சரி. ஆனால் உயிரோடு கிடக்கிற உடலுக்கு? முதுகில் புண் வைத்து, புழு வைத்து, துணி மாற்ற ஆளில்லாமல் பின் அறையில் கிடக்கிற மாமிக்கு? அந்தக் கண்ணியத்தைப் பற்றிப் பேச நூறு கதிரையில் எண்பத்தொரு கதிரை சும்மா கிடந்தது.

காசு விசயமும் சொல்ல வேண்டும். மஹரகம போய், டொக்டர் கையை விரித்த பிறகும், "கைவிட்டுட்டாங்கன்னு ஊர் பேசும்" என்ற பயத்தில் வளவை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் போட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலு. இருபது நாள் மெஷினில் இருந்து, கலிமா சொல்லிக் கொடுக்க ஒரு மகன்கூட பக்கத்தில் இல்லாமல் போனவர்கள். குணமாகிற வாய்ப்பிருந்தால் வளவென்ன, எல்லாவற்றையும் விற்கலாம். வாய்ப்பு இல்லை என்று டொக்டரே சொன்ன பிறகு, மெஷின் வேண்டுமா, வீட்டில் பிள்ளைகள் நடுவில் இருக்க வேண்டுமா என்று நோயாளியிடம் யார் கேட்டது? மூளை முற்றாகச் செயலிழந்தவரின் உயிர்காப்புக் கருவியை அகற்றலாம் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி தீர்மானித்திருக்கிறது. மற்ற நிலைமைகளுக்கு உலமாக்களிடமும் டொக்டரிடமும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள். ஊர் பேசும் என்பது ஒரு பத்வா இல்லை.

கூட்டத்துக்கு வந்த பெண்கள் அதிகம் குறிப்பெடுத்தது சின்ன விசயங்களைத்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது. கடைசி நாட்களில் உடம்பு சாப்பாடு கேட்காது, திணிக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்கு ஸம்ஸம் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும், பஞ்சில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினால் போதும். கலிமாவை மெதுவாக ஒருதரம் சொல்லிக் கொடுத்து, அவர் சொல்லிவிட்டால் விட்டுவிட வேண்டும். இருபது பேர் சுற்றி நின்று சத்தம் போடக் கூடாது. தாதி மிஸ் இதைச் சொன்னபோது ஒரு ராத்தா எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். அவர் ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் ஏன் வந்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். பீ, மூத்திரம் அள்ளுவது அவர்கள்தான். கட்டாருக்குக் காசு கேட்டு மெசேஜ் போடுகிற காக்காமாருக்குப் படுக்கைப்புண் எப்படி இருக்கும் என்று தெரியாது. தாயைப் பார்க்க வேலையை விட்ட மகள், இரண்டு வருடம் ஒழுங்காக நித்திரை கொள்ளாத மருமகள், இவர்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க இந்த ஊரில் எந்தச் சங்கம் இருக்கிறது? ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது, மாஷா அல்லாஹ், கபன் துணியிலிருந்து சந்தூக்கு வரை எல்லாம் தயார். மவுத்தானதும் ஊரே திரண்டு வருகிறது. அதற்கு ஒரு மாதம் முந்தி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இது முடியாத காரியமில்லை. கேரளாவில் மலப்புரம், கோழிக்கோடு பக்கம் போய்ப் பாருங்கள், நம்மைப் போல முஸ்லிம்கள் நிறைந்த இடம். 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன கிளினிக்காகத் தொடங்கியதை ஊர் மக்கள் கையில் எடுத்தார்கள். சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்து, சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்து, தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே தொண்டர்கள் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை.

பள்ளி நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஒக்சிஜன் மெஷின் இரண்டு மூன்று வாங்கி இரவலுக்குக் கொடுங்கள், ஒவ்வொரு குடும்பமும் புதிதாக வாங்கி, பிறகு கொட்டிலில் போடுகிறது. ஒரு ஜும்ஆவில் வஸிய்யத்தைப் பற்றிப் பேசுங்கள். சொல்ல வேண்டியது இருக்கிற முஸ்லிம் அதை எழுதாமல் இரண்டு இரவு கழிக்கக் கூடாது என்ற ஹதீஸை நாம் ஏன் ஒருவரும் அமல் செய்வதில்லை? கடன், அமானிதம், அடகில் இருக்கிற நகை, கொடுக்காத மஹர், விடுபட்ட நோன்பு, மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வாரிசு அல்லாதவருக்குக் கொடுப்பது, என்னால் பேச முடியாமல் போனால் எனக்காக டொக்டரிடம் பேசுவது யார். ஒரு கொப்பித் தாளில் எழுத அரை மணித்தியாலம் போதும். நான் எழுதிவிட்டேன். அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மகனுக்கும் தெரியும். எழுதிய பிறகும் உயிரோடுதான் இருக்கிறேன், நாளைக்குத் தரம் பத்துக்குப் பாடம் இருக்கு.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, அதே மண்டபம், அஸருக்குப் பிறகு. டொக்டரும் மிஸ்ஸும் மறுபடியும் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களுக்குத் தனியாக முன்பக்கம் ஐம்பது கதிரை. வொய்ஸ் போட்ட காக்காவுக்கு முதல் வரிசையில் ஒன்று பிடித்து வைக்கிறேன்.