காதுக்கு எட்டாத சொல்

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பர் வந்ததும் பேத்தியும் நானும் முதலில் புரட்டுவது எழுத்துக் கட்டம் இருக்கும் பக்கத்தைத்தான். மூன்றுக்கு மூன்று, ஒன்பது எழுத்து. நடுக்கட்டத்து எழுத்து எல்லாச் சொல்லிலும் வந்தாக வேண்டும். நான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒன்பது எழுத்தும் சேர்ந்த சொல் ஒன்றாவது அதற்குள் இருக்கும்.

போன வாரம் நடுவில் என். சுற்றிலும் ஓ, சி, யு, டீ, இ, ஏ, ஐ, டி. (‘டேபிள்’ எழுத்தை டீ என்றும் ‘டாக்டர்’ எழுத்தை டி என்றும் எழுதுகிறேன்.) நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி நோட், டான்ஸ் இரண்டையும் சட்டென்று பிடித்துவிட்டாள். பிறகு பென்சில் நின்றுவிட்டது.

“கடல் இருக்கு பாரு” என்றேன்.

“சீ... எஸ் இல்லையே தாத்தா.”

“பெரிய கடல்.”

“ஓஷனா? அதுக்கு எஸ்-எச் வேணுமே!”

எனக்கு உள்ளே ஏதோ செய்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் டிக்டேஷனில் அதே சொல்லை அதே எஸ்-எச் போட்டு எழுதி, வாத்தியாரிடம் தலையில் குட்டு வாங்கியவன் நான். அது கவனக்குறைவு இல்லை. தமிழ் படித்த பிள்ளை, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருந்தேன். அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல அன்று ஆள் இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன்.

தமிழில் எழுத்தை மாற்றிப் போட்டு விளையாடினால் காது கூடவே வரும். ‘கதவு’ என்பதைக் கலைத்தால் ‘தகவு’. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘லிசன்’ என்ற சொல்லைக் கலைத்தால் ‘சைலன்ட்’ வருகிறது. ஆறு எழுத்தும் அதே ஆறுதான், ஆனால் லிசனில் வாய் திறக்காத டீ சைலன்ட்டில் பேசுகிறது. காதை நம்பித் தேடுகிறவருக்கு இந்த இரண்டும் உறவு என்றே தோன்றாது.

கண்ணால் மட்டுமே தேடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஒருவர் போதும். பிரெஞ்சு பேசத் தெரியாதவர். ஒன்பது வாரம் போல அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வாங்கிப் போனார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும். வியந்து போகிறேன். ஆனால் என் பேத்திக்கு அந்த வழி வேண்டாம். சொல் கிடைத்தால் பொருளும் கூடவே கிடைக்க வேண்டும்.

அந்த ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸும் கண்ணைத்தான் நம்பினார். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பத்திரிகைப் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். நூறு வில்லைகளில் இ மட்டும் 12 இருப்பதும், க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே இருப்பதும் அந்த எண்ணிக்கையால்தான். எஸ் நிறைய வரும் எழுத்து, ஆனாலும் நான்கோடு நிறுத்திக்கொண்டார். எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் அல்லவா, ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

வால் என்றேனே, தேடுகிறவருக்குக் கைகொடுப்பது அதுதான். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது எழுத்தையும் வட்டமாக எழுதச் சொன்னேன். வரிசையாக இருந்தால் கண் அந்த வரிசையையே திரும்பத் திரும்பப் படிக்கும். வட்டத்தில் தொடக்கம் எது, முடிவு எது என்று கண்ணுக்குத் தெரியாது. பிறகு டீ, ஐ, ஓ, என் நான்கையும் எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னேன். “இது நாலும் சேர்ந்து வந்தா ‘ஷன்’னு படிக்கணும்மா. இதுலயும் எஸ்-எச் கிடையாது.”

மீதி இ, டி, யு, சி, ஏ. இரண்டு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். “எஜுகேஷன்!” என்று கத்தியதில் அடுக்களையிலிருந்து அவள் பாட்டி எட்டிப் பார்த்தாள்.

“இன்னொரு வால் இருக்கு. இ, டி. அதைப் பின்னால வை.” மிச்சம் ஏழு எழுத்து. இதில் நான் கொஞ்சம் உதவினேன்: காஷன், எச்சரிக்கை. வாலை ஒட்டினால் எச்சரித்தார். அதே ஏழை வேறு மாதிரி அடுக்கினால் ஆக்‌ஷன், ஏலம். வாலை ஒட்டினால் ஏலம் விட்டார். ஒரே ஒன்பது எழுத்தில் மூன்று பெரிய சொற்கள்! மூன்றில் எதைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கினாலும் ஏ, சி, டி, இ, ஐ, என், ஓ, டீ, யு என்றுதான் வரும். கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட சொற்களைத் தேடவும் இதுதான் எளிய வழி: அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படி அடுக்கி வைத்துவிட்டால், ஒரே அடுக்கு உள்ளவை தாமாக ஒன்றுசேர்ந்துவிடும்.

அவளுக்கு கம்ப்யூட்டர் விஷயம் மனதில் பதியவில்லை. ஏலத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். “ஆக்‌ஷனுக்கு யு எதுக்கு தாத்தா?” என்றாள். யு இல்லாமல் எழுதினால் அது நடிப்பு, செயல். யு போட்டால் ஏலம் என்றேன். காலண்டர் தாளில் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, யுவை மட்டும் வட்டமிட்டாள். கோடை விடுமுறையில் தூத்துக்குடியில் மீன் ஏலம் பார்த்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“அப்ப ஷூட்டிங்ல டைரக்டர் கத்துறது யு இல்லாத ஆக்‌ஷன். மீன்காரங்க கத்துனது யு இருக்குற ஆக்‌ஷன். சரியா தாத்தா?”